ஒரு புள்ளியை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்?

"ஒரு கறுப்பு வட்டம், சுத்தி நாலு கட்டம். ஆட்டோகேட்ல அஞ்சு நிமிஷத்துல போட்ருவேன்டா!"

எஸ்.எச்.ரஸாவின் ஓவியத்தை முதல் தடவை பார்க்கும்போது நம்மில் பலருக்கு இப்படித்தான் தோணும். அவருடைய 'சௌராஷ்ட்ரா' (1983) என்ற ஓவியம் 2010இல் லண்டன் ஏலத்தில் 16 கோடி ரூபாய்க்கு மேல் விலை போனது என்று கேட்டால் எரிச்சல்கூட வரும். சரி, விலையை ஓரமா வைப்போம். அந்த வட்டம் எங்கிருந்து வந்தது, அதை எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் இங்கே பேசலாம்.

காட்டில் ஒரு பையன்

சையத் ஹைதர் ரஸா 1922இல் மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா பகுதியில், பாபரியா என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு வனத்துறையில் வேலை. சுற்றிலும் காடு, அந்தப் பக்கம் நர்மதை. காட்டு ராத்திரி அந்தப் பையனைப் பயமுறுத்தவும் செய்தது, இழுக்கவும் செய்தது. பொழுது விடிந்தால்தான் நிம்மதி. இரவும் விடியலும் மாறி மாறி வருவது அவருக்குப் பாடப்புத்தக விஷயமில்லை, தினமும் அனுபவித்தது.

பள்ளிக்கூடத்தில் மனசு ஓரிடத்தில் நிற்காது. அதைக் கவனித்த ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னார். ரஸாவே பின்னாளில் பலமுறை சொன்ன சம்பவம் இது.

பிறகு நாக்பூர், மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளி. 1947இல் சூசா, ஹுசைன் போன்றவர்களுடன் முற்போக்கு ஓவியர் குழு. 1950இல் பாரிஸ். அங்கே பிரான்ஸ் நாட்டு ஊர்களையும் நிலக்காட்சிகளையும் வரைந்து பெயர் வாங்கினார். 1956இல் விமர்சகர் விருதும் கிடைத்தது. ஆனாலும் தன்னுடையது என்று சொல்ல ஏதோ ஒன்று குறைவதாக அவருக்குப் பட்டது. இந்தியாவுக்கு அடிக்கடி வந்து போனார். அறுபது வயதை நெருங்கும்போதுதான் அந்தப் பள்ளிக்கூடப் புள்ளி அவருடைய திரைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'பிந்து'.

இது நமக்குத் தெரிந்த வித்தைதான்

முதல் வருஷ மெக்கானிக்ஸ் வகுப்பை நினைத்துப் பாருங்க. கிரேனில் ஒரு பாரம் தொங்குது. ஃப்ரீ பாடி டயகிராம் போடச் சொன்னா நாம என்ன பண்றோம்? கிரேனோட நிறம், ஓட்டுறவர், பின்னாடி இருக்கிற கட்டடம் எல்லாத்தையும் தூக்கிடறோம். ஒரு புள்ளி, சில அம்புக்குறிகள். அவ்வளவுதான். "கிரேன் மாதிரியே இல்லையே" என்று யாரும் கேட்பதில்லை. விசையைப் பார்க்கத்தான் மீதியை நீக்கினோம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ரஸா செய்ததும் அதே நீக்கல்தான். மரம், ஆறு, வீடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அவற்றுக்குள் ஓடும் சுழற்சியை மட்டும் வைத்துக்கொண்டார். இருட்டிலிருந்து வெளிச்சம், விதையிலிருந்து முளை, மறுபடியும் விதை. ஒரே ஒரு வித்தியாசம்: நம்ம படத்தில் விடை ஒன்றுதான். அவர் படத்தில் விடை இல்லை, பார்க்கிற அனுபவம்தான் உண்டு.

எப்படிப் பார்ப்பது?

முதலில் வட்டம். பிந்து என்றால் புள்ளி, விதை. கறுப்பை எல்லா நிறங்களுக்கும் தாயாக நினைத்தவர் ரஸா. அந்தக் கறுப்பை வெறும் காலியிடமாகப் பார்க்காமல், இன்னும் முளைக்காத ஒன்றாகப் பாருங்க.

அடுத்து நிறங்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள். ஐம்பூதங்களோடு சேர்த்து அவர் திரும்பத் திரும்பக் கையாண்ட ஐந்து இவை.

மூன்றாவது முக்கோணங்கள். மேல்நோக்கி ஒன்று, கீழ்நோக்கி ஒன்று. புருஷன், பிரகிருதி என்ற பழைய இணையின் குறிகள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் உங்க கண் என்ன செய்யுது என்று கவனிங்க.

ஒரு எச்சரிக்கை. இதைப் பார்த்ததும் "அப்பவே பிக் பேங்கை வரைஞ்சிட்டார்" என்று ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. ரஸா இயற்பியல் சொல்லவில்லை. பிரபஞ்சத்தின் முன்னால் நின்ற ஒரு மனுஷனின் வியப்பைத்தான் வரைந்தார். சமன்பாடு வேறு, வியப்பு வேறு. இரண்டையும் குழப்பினால் இரண்டுக்குமே அவமரியாதை.

ஒரு சின்னப் பயிற்சி

ரஸாவின் ஏதாவது ஒரு பிந்து ஓவியத்தை லேப்டாப்பில் முழுத்திரையில் வையுங்க. ஃபோனில் வேண்டாம். 'சௌராஷ்ட்ரா' இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லை" என்பது நியாயமில்லை. ஃபோனை சைலண்டில் போட்டு ஐந்து நிமிஷம் வட்டத்தை மட்டும் பாருங்க.

நான் முயற்சி பண்ணினப்போ நாற்பதாவது செகண்டில் கை தானா ஃபோனைத் தேடிப் போச்சு. மூன்றாவது நாள்தான் ஐந்து நிமிஷம் உட்கார முடிந்தது. அப்போ வட்டத்தின் ஓரம் மெதுவா அதிர்கிற மாதிரி இருந்தது. கறுப்பு முன்னாடி வந்தது, பின்னாடி போச்சு. கண் செய்யும் வேலைதான் அது, தெரியும். ஆனா அதுவரைக்கும் ஒரு பொருளை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை என்பதும் அப்போதான் தெரிஞ்சது.

அறுபது வருஷம் பிரான்சில் வாழ்ந்துவிட்டு டெல்லி திரும்பிய ரஸா, 2016 ஜூலையில் காலமானார். அவர் விருப்பப்படியே மண்ட்லாவில், அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். புள்ளி தொடங்கின இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

ஆட்டோகேடில் அந்த வட்டத்தைப் போட இப்பவும் அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. போட்டுப் பாருங்க. போட்ட பிறகு, அதை அஞ்சு நிமிஷம் பார்த்துக்கிட்டும் இருங்க.