கைப்பேசி மைக் பழுதும் வீட்டிலேயே சீர்செய்யும் முறையும்

பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகப் பாசனம். கடைமடையில் நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் எந்த மடையைத் தாண்டியது, தங்கள் முறை எப்போது வரும் என்ற செய்தியெல்லாம் இன்று கைப்பேசியில்தான் வந்து சேருகிறது. கதிர் அறுக்கும் இயந்திரத்துக்கு வாடகை பேசுவதும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விவரம் கேட்பதும், பயிரில் பூச்சியோ நோயோ கண்டால் 1800-180-1551 என்ற எண்ணில் கிசான் அழைப்பு மையத்தாருடன் தமிழில் பேசி ஆலோசனை பெறுவதும் அதே கருவியில்தான். அறுவடை நெருங்கும் வேளையில் எதிர்முனையில் இருப்பவர் "அலோ, அலோ, ஒண்ணும் கேக்கல" என்று சொல்லி வைத்துவிட்டால் இயந்திரம் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

இப்படிப்பட்ட போனைக் கடைக்கு எடுத்துச் சென்றால், சில இடங்களில் "போர்டு போயிடுச்சு, புதுசா வாங்கிக்குங்க" என்ற பதில் கிடைக்கிறது. பெரும்பாலான நேரங்களில் அது தேவையற்ற செலவு. மைக் செத்துவிட்டதாகக் கருதப்படும் போன்கள் பலவற்றில் மைக் நன்றாகவே இருக்கும். அதன் துளைதான் அடைபட்டிருக்கும், அல்லது போனுக்குள் ஏதேனும் ஒரு அமைப்பு மாறியிருக்கும். கிணற்று மோட்டார் ஓடவில்லை என்றால் நாம் முதலில் மோட்டாரை வெளியே தூக்குவதில்லை. மின்சாரம் வருகிறதா, பியூஸ் இருக்கிறதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கிறோம். அதே வரிசை முறைதான் இங்கும் தேவை.

மைக்கின் அமைப்பு

போனின் அடிப்பக்கத்தில் சார்ஜர் செருகும் இடத்தை அடுத்து ஒரு குண்டூசித் தலை அளவில் சிறு துளை தெரியும். அதுவே முதன்மை மைக்கின் வாய். துளைக்குப் பின்னால் தூசி தடுக்கும் மெல்லிய வலை, அதன் பின்னால் ஒலி சிதறாமல் செலுத்தும் ரப்பர் உறை, அதற்கும் பின்னால் ஓர் அரிசியைவிடச் சிறிய உலோகப் பெட்டியில் மைக் என்று அமைந்திருக்கும். அந்தப் பெட்டிக்குள் சிலிக்கானால் ஆன சவ்வு ஒன்று உள்ளது. மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லியது. நம் குரல் பட்டு அது அதிர, அந்த அதிர்வு மின் குறிப்பாக மாறுகிறது.

பழைய பட்டன் போன்களில் இருந்தது வேறு வகை. சட்டைப் பொத்தான் போன்ற வட்ட மைக், இரண்டு முனைகள், அவ்வளவுதான். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த எவரும் அதை மாற்றிவிடலாம். இப்போதைய மைக்கின் இணைப்புகள் அதன் அடியில் மறைந்திருப்பதால் வெப்பக் காற்றுக் கருவி இல்லாமல் அதைத் தனியாகக் கழற்ற இயலாது. எனவே பழைய அனுபவத்தை நம்பி சால்டரிங் அயர்னுடன் இறங்குவது கூடாது.

சில போன்களில் மேல் விளிம்பிலும் இன்னொரு மைக் இருக்கும். சுற்றுப்புற இரைச்சலைக் குறைக்கவும், ஸ்பீக்கரில் பேசும்போதும், வீடியோ எடுக்கும்போதும் அது உதவும். இந்த இரண்டாவது மைக் இருப்பது பழுதைக் கண்டுபிடிக்க நமக்கு நல்ல வாய்ப்பு.

பழுது எங்கே என்று அறிதல்

முதலில் போனை அணைத்து மீண்டும் போடவும். உறையையும் புதிதாக ஒட்டிய கண்ணாடியையும் கவனிக்கவும். துளை சரியாக வெட்டப்படாத உறை மைக்கின் வாயை மூடிவிடுவதுண்டு. பின்னர் போனிலுள்ள ஒலிப்பதிவுச் செயலியில் உங்கள் குரலைப் பதிந்து கேட்டுப் பாருங்கள். பதிவு தெளிவாக இருந்தால் மைக்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கோபுரச் சிக்னலோ வேறு அமைப்போதான் காரணம்.

வாட்ஸ்அப் போன்ற ஒரு செயலியில் மட்டும் குரல் போகவில்லை என்றால் அச்செயலிக்கு மைக் அனுமதி மறுக்கப்பட்டிருக்கும். அமைப்புகள் பகுதியில் அனுமதிகளைத் திறந்து பார்க்கவும். ஆண்ட்ராய்டு 12 முதல் வந்த போன்களில் மைக் முழுவதையும் ஒரே தட்டில் நிறுத்தும் பொத்தான் உண்டு. திரையை மேலிருந்து இழுத்தால் வரும் சிறு படங்களில் அது இருக்கலாம். குழந்தைகள் விளையாடும்போது தெரியாமல் தட்டிவிடுவது சாதாரணமாக நடப்பதே.

புளூடூத் இணைப்பையும் மறக்க வேண்டாம். டிராக்டரில் பாட்டுக் கேட்க வைத்த ஸ்பீக்கரோடு போன் இணைந்திருந்தால், நீங்கள் வரப்பில் நின்று பேசும் பேச்சை அந்த ஸ்பீக்கர்தான் வாங்க முயலும். இயர்போன் செருகும் துளையில் ஈரமோ பஞ்சோ சேர்ந்திருந்தாலும் இதே கதிதான். செருகாமலே திரையின் மேல் இயர்போன் படம் தெரிந்தால் அதுவே காரணம் எனக் கொள்ளலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மூன்று அழைப்புகள் செய்து பார்க்கவும். காதில் வைத்து ஒன்று, ஸ்பீக்கரில் ஒன்று, மைக் உள்ள கம்பி இயர்போன் செருகி ஒன்று. ஸ்பீக்கரில் கேட்டு, காதில் வைத்துப் பேசினால் மட்டும் கேட்காவிடில் அடி மைக்கில் அடைப்போ பழுதோ இருப்பது உறுதியாகிறது. இயர்போனில் மட்டும் கேட்டாலும் பெரும்பாலும் அதுவே. மூன்றிலும் கேட்கவில்லை என்றால் கோளாறு சிக்னலிலோ மென்பொருளிலோ முதன்மை போர்டிலோ உள்ளது. அடுத்தவர் போனில் உங்கள் சிம்மைப் போட்டுப் பேசிப் பார்த்தால் சிக்னல் சந்தேகம் தீரும்.

சுத்தம் செய்யும் முறை

நம் போன்கள் படும் பாடு அலுவலகத்து மேசைப் போன்கள் படுவதில்லை. களத்தில் தூற்றும்போது பறக்கும் பதரும் சுணையும், சட்டைப்பையில் உதிரும் புகையிலைத் தூளும், மடியில் ஊறும் வியர்வையும் சேர்ந்து அந்தச் சிறு துளையில் பசைபோல் அப்பிக்கொள்கின்றன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடைப்புக் கண்ணுக்குத் தெரியும்.

இங்கேதான் பலர் ஊசியை எடுக்கிறார்கள். கைத்தெளிப்பானின் நாசில் அடைத்தால் கம்பியால் குத்தக்கூடாது, துளை பெரிதாகித் தெளிப்பு கெடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. மைக் துளையில் குத்தினால் நேரும் இழப்பு அதனினும் பெரிது. வலை கிழிந்து சவ்வும் பொத்துப்போகும். சிம் தட்டை எடுக்கும் கம்பியைத் தவறுதலாக மைக் துளையில் செருகி அழுத்துவோரும் உண்டு. சிம் துளை தட்டின் விளிம்பிலேயே இருக்கும்; தட்டின் கோடு தெரியாத இடத்தில் கம்பியை நுழைக்க வேண்டாம்.

சைக்கிள் கடைக் காற்றடிப்பானும் ஆகாது. வாயால் ஊதுவதும் ஈரத்தைச் சேர்க்கும். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் அருகில் வரக்கூடாது.

போனை அணைத்து, துளை தரையை நோக்கும்படி பிடித்துக்கொள்ளவும். பயன்படுத்தாத மிருதுவான பல் துலக்கியோ, பிள்ளைகள் படம் தீட்டும் சிறு தூரிகையோ கொண்டு துளையின் மேல் சாய்வாக மெல்லத் தட்டித் துலக்கவும். உள்ளே அழுத்தக்கூடாது. தளர்ந்த அழுக்கை ஒட்டும் நாடாவின் பசைப்பக்கத்தை ஒற்றி எடுக்கலாம். பத்து நிமிடப் பொறுமை போதும். பின் மீண்டும் ஒலிப்பதிவு செய்து சோதிக்கவும்.

போன் நீரில் விழுந்ததால் மைக் மந்தமானால், உடனே அணைத்து, சார்ஜ் போடாமல், சிம் தட்டைக் கழற்றி, துளை கீழ்நோக்கி இருக்கும்படி மின்விசிறிக் காற்றில் ஓரிரு நாள் வைக்கவும். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அதனால் தவிடும் நொய்யும் துளைகளில் புகுவதே மிச்சம். ஐபோன் தயாரிப்பாளரான ஆப்பிள் நிறுவனமும் அரிசியில் வைக்க வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது. வெயிலில் காய வைப்பதும் தவறு, பாட்டரிக்குக் கேடு.

திறந்து பார்க்கலாமா?

எல்லா போனையும் வீட்டில் திறக்க முடியாது. திறக்கத் தக்கவாறே செய்யப்பட்ட போன்கள் உலகில் உண்டு. நெதர்லாந்து நாட்டில் 2013 இல் தொடங்கப்பட்ட ஃபேர்ஃபோன் நிறுவனம், 2015 இல் கொண்டுவந்த தன் இரண்டாவது போனில் மைக், ஸ்பீக்கர், சார்ஜ் துளை மூன்றையும் சேர்த்து அடிப்பக்கத் தனிப்பாகமாக அமைத்தது. மைக் கெட்டால் உரிமையாளரே சிறு திருப்புளியால் அந்தப் பாகத்தைக் கழற்றிப் புதியதைப் பொருத்தலாம். நம் கடைவீதியில் அது காணக் கிடைப்பது அரிது என்றாலும், நம்மிடம் உள்ள விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றின் உள்ளமைப்பும் ஏறத்தாழ அப்படியே. சார்ஜ் துளையும் மைக்கும் அடியில் ஒரு சிறு தனி போர்டில் இருக்கும். கடைக்காரர்கள் அதைச் சார்ஜிங் போர்டு அல்லது சப் போர்டு என்பர். பல மாடல்களுக்குச் சில நூறு ரூபாயில் கிடைத்துவிடும்.

பின்மூடி பிளாஸ்டிக்காகவும் கொக்கிகளால் பிடித்ததாகவும் இருந்தால் திறக்கலாம். கண்ணாடி மூடி பசையால் ஒட்டப்பட்டிருந்தாலோ, ஐ.பி. 67, ஐ.பி. 68 என்ற நீர்க்காப்பு உள்ளதாயிருந்தாலோ, உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றாலோ தொடவேண்டாம். பாட்டரி உப்பியிருந்தால் நெம்புவதும் அழுத்துவதும் தீ விபத்தில் முடியலாம். அதைப் பழகியவரிடம் விட்டுவிடுவதே நலம்.

உங்கள் மாடலைத் திறக்கும் வீடியோ ஒன்றை ஒருமுறை முழுதும் பார்த்த பின்பே தொடங்கவும். மைக் முதன்மை போர்டில் உள்ள மாடல் எனத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். நுனி சிறுத்த கூட்டல் குறித் திருப்புளி, உபயோகமற்ற ஏ.டி.எம். அட்டை, பிளாஸ்டிக் நெம்பி, வெள்ளைத்தாள் இவை போதும். படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமித்துக்கொள்ளவும். பாட்டரியில் கால் பங்குக்கும் குறைவாகவே சார்ஜ் இருக்கட்டும். காற்று வீசாத அறையில் மேசையின் மேல் வெள்ளைத் துணி விரித்து வேலை செய்யவும். களத்துக் கட்டிலில் வைத்துக் கழற்றினால் திருகாணி வைக்கோலுக்குப் போய்விடும்.

போனை அணைத்து, சிம் தட்டை வெளியே எடுத்தபின் அட்டையை விளிம்பில் செருகி மூடியை மெல்லச் சுற்றி விடுவிக்கவும். விரல்ரேகைப் பொறி பின்மூடியில் இருந்தால் அதன் நாடா இணைந்திருக்கும், வெடுக்கென இழுக்கக்கூடாது. தாளில் போனின் படத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு வரவும். நீளத் திருகாணியைக் குட்டைத் துளையில் முடுக்கினால் போர்டு துளைபட்டுவிடும். உள்ளே தெரிந்ததும் முதல் வேலை பாட்டரி இணைப்பைப் பிளாஸ்டிக் நெம்பியால் நேராக மேலே தூக்குவது. இரும்புக் கருவி அங்கே ஆகாது.

பின்னர் ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்றினால் சிறு போர்டு தெரியும். புதியது வாங்க ஓடாதீர்கள். கீழே விழுந்த போனில் போர்டை இணைக்கும் அகல நாடாவின் பூட்டு அரைகுறையாகக் கழன்றிருக்கும். அதை எடுத்து மறுபடி நேராக அமுக்கிப் பொருத்தவும். ரப்பர் உறையைக் கழற்றி உலர்ந்த தூரிகையால் துலக்கவும். போர்டில் பச்சை பூத்திருந்தால் ஈரம் தின்றுவிட்டது என்று பொருள். அப்போது மாற்றத்தான் வேண்டும். போனின் மாடல் எண்ணோடு போர்டில் அச்சிட்ட எண்ணையும் குறித்துக்கொண்டு சென்று மேலூரிலோ மதுரையிலோ கேட்கவும். விலையை மட்டும் பார்த்து மட்டமான நகல் போர்டு வாங்கினால் சார்ஜ் மெதுவாக ஏறும், குரலும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும்.

புதிய போர்டு போட்டும் குரல் மந்தமாக இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. பழைய ரப்பர் உறையை மாற்றிப் போட மறந்துவிடுவார்கள், அல்லது அது துளைக்கு நேராக அமர்ந்திருக்காது. உறையின் வாயும் வெளித்துளையும் ஒன்றாக வருகின்றனவா என்று வெளிச்சம் அடித்துப் பார்க்கவும். மூடியைப் பொருத்தும் முன் பாட்டரியை இணைத்து, ஒரு அழைப்பும் ஒரு சார்ஜும் சோதித்துவிடுவது நல்லது.

பழுது பார்க்கும் உரிமை

இது போனோடு நிற்கும் விஷயம் அன்று. இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தபோது, கைப்பேசியோடு வேளாண் கருவிகளையும் அதன் வரம்பில் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று இதற்கான இணையதளம் தொடங்கப்பட்டது. நிறுவனங்களின் சேவை மையங்கள், உதிரிபாகங்கள் பற்றிய விவரங்களை அதில் பார்க்கலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் டிராக்டர் முதலிய பண்ணை இயந்திரங்களை உழவரே பழுது பார்க்க வகை செய்யும் சட்டத்தை 2023 இல் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், போன் விற்பனை நின்ற பின்னும் 7 ஆண்டுகள் உதிரிபாகம் தரவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துள்ளது.

உத்தரவாதக் காலத்தில் மைக் பழுதைச் சீர்செய்ய மறுத்தாலோ, போடாத பாகத்துக்குப் பணம் வாங்கினாலோ, பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். கடையில் போனை விடும்போது சிம்மையும் நினைவக அட்டையையும் எடுத்துவிடவும். பணப் பரிமாற்றச் செயலியின் ரகசிய எண்ணை எவரிடமும் சொல்ல வேண்டாம். மாற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கழற்றிய பாட்டரியை வீட்டுக் குப்பையோடு எரிக்காமல், மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் சேர்த்துவிடுங்கள்.