தேய்ந்த முழங்காலும் நடக்கத்தான் வேண்டும்

எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் பலர் மனதில் ஒரே வாக்கியம்தான் தங்குகிறது: "ஜவ்வு தேஞ்சுபோச்சு." அன்றோடு கோயில் பிரகாரம் சுற்றுவது நிற்கிறது. கடைக்குப் பேரன் போகிறான். கொஞ்ச நாளில் தொடை மெலிந்து, நாற்காலியிலிருந்து எழுவதற்கே கை ஊன்ற வேண்டியிருக்கிறது. மூட்டுத் தேய்மானத்தைவிட அதைப் பற்றிய நம்பிக்கைகள்தான் பலரை முடக்குகின்றன.

"நடந்தால் மிச்சமிருக்கிற ஜவ்வும் தேய்ந்துவிடும்"

இவற்றில் அதிகக் கேடு செய்வது இந்த நம்பிக்கை. ஜவ்வு என்று நாம் சொல்லும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் திரவம்தான் அதற்கு உணவு. காலை ஊன்றும்போது அமுங்கி, எடுக்கும்போது விரிந்து, பஞ்சைப் போல அந்தத் திரவத்தை அது உள்ளே வாங்குகிறது. அசைவு இல்லாத மூட்டில் இந்த ஊட்டம் குறையும். தொடைத் தசைக்கும் இதே கதைதான். நடக்கும்போது ஏற்படும் அதிர்வில் ஒரு பங்கைத் தாங்குவது அது. ஓய்வில் அது இளைத்தால் அந்தச் சுமையும் மூட்டின் மேல் விழுகிறது. வலி கூடுகிறது, வலி கூடியதால் இன்னும் ஓய்வு.

பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேய்மானம் உள்ள எல்லோருக்கும் உடற்பயிற்சியைச் சொல்லித்தரச் சொல்கிறது. தொடக்கத்தில் வலி சற்றுக் கூடலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்கிறது. நம்மில் பலர் மாதாமாதம் வாங்கும் குளுக்கோசமின் மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது.

எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். படத்தில் நிறையத் தேய்ந்திருப்பவர் சிரமமில்லாமல் நடப்பதும், லேசாகத் தேய்ந்தவர் வலியில் தவிப்பதும் அன்றாடம் காண்பவை. மடக் மடக் என்று சத்தம் வருகிறதா? வலியும் வீக்கமும் இல்லாவிட்டால் அந்தச் சத்தத்தை விட்டுவிடலாம்.

"மூட்டுக்கு எல்லாப் பயிற்சியும் ஒன்றுதான்"

ஒன்றல்ல. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பெர்லினில் உள்ள சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், செயற்கை மூட்டு பொருத்திக்கொண்ட சிலருக்கு அந்த மூட்டுக்குள்ளேயே உணர்கருவியை வைத்து, உள்ளே விழும் சுமையை நேரடியாக அறிந்தார்கள். 2010இல் வெளியான முடிவுகளின்படி, சமதளத்தில் நடக்கும்போது முழங்காலில் விழும் உச்சச் சுமை உடல் எடையைப் போல ஏறக்குறைய 2.6 மடங்கு. மாடி ஏறும்போது 3.2 மடங்கு. இறங்கும்போது 3.5 மடங்கு. நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில், மிதமான உழைப்பில், அதே குழு பின்னர் அளந்தது சுமார் 1.2 மடங்கு. 70 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்கிட்டால் நடையில் சுமார் 180 கிலோ, மாடி இறங்குவதில் 240 கிலோவுக்கு மேல், சைக்கிளில் 85 கிலோவுக்குள்.

ஏறும்போது மூச்சு வாங்குவதால் ஏறுவதுதான் மூட்டுக்குக் கஷ்டம் என்று நினைக்கிறோம்; முழங்காலுக்கு இறங்குவதே பாரம். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை. கைத்தடி வைத்திருப்பவர்கள் அதை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கிற பக்கமே பிடித்து நடப்பவர்களைத்தான் தெருவில் அதிகம் பார்க்கிறேன்.

சைக்கிளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்கி வலிக்கும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்துங்கள்.

தண்ணீரிலும் சுமை குறையும். இடுப்பளவு நீரில் நின்றால் காலில் இறங்குவது உடல் எடையில் சுமார் பாதி. நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு. நீச்சல் தெரிய வேண்டியதில்லை, நீருக்குள் நடந்தாலே பயிற்சிதான். நீந்துபவர்கள் தவளை உதைப்பைத் தவிர்ப்பது நல்லது, அது முழங்காலைத் திருகும். நடுவயதுப் பெண்கள் தயக்கமின்றிப் போய்வரக்கூடிய நீச்சல் குளங்கள் நம் ஊர்களில் மிகக் குறைவு. மூட்டுவலியால் அதிகம் அவதிப்படுபவர்களும் அவர்களே என்பதால் இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் குறை.

"யோகா என்றால் எந்த ஆசனமும் செய்யலாம்"

வஜ்ராசனத்திலும் பத்மாசனத்திலும் முழங்கால் முழுதாக மடங்குகிறது. தேய்ந்த மூட்டுக்கு அது பாரம். வலிப்பவர்கள் நாற்காலியில் அமர்ந்தும் நின்றும் செய்யும் ஆசனங்களை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சீனத்தின் தாய்ச்சி, மெதுவாக நின்று அசையும் பயிற்சி. 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு அது பிசியோதெரபி அளவுக்கே பலன் தந்தது. எட்டு போட்டு நடப்பது? நடை என்ற அளவில் நல்லதுதான். ஆனால் எட்டு வடிவத்துக்கென்று தனி மருத்துவ குணம் இருப்பதாக நம்பக் காரணமில்லை. குறுகிய மொட்டை மாடியில் அடிக்கடி திரும்புவதால் வலித்தால், நேராக நடக்க ஒரு தெருவைத் தேடிக்கொள்ளுங்கள்.

"தினமும் நடக்கிறேன், அது போதும்"

போதாது. நடை இதயத்துக்கு நல்லது. தொடைத் தசையை அது போதிய அளவு வலுவாக்குவதில்லை. அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை அமுக்குவதுபோல் தொடையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து விடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. அடுத்தது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காருவது. முடியாவிட்டால் உயரமான நாற்காலியில் தொடங்கலாம். அதிர்வு குறைந்த பயிற்சி என்றால் உழைப்பும் குறைவு என்று அர்த்தமில்லை. தசைக்குச் சோர்வு தெரியும் அளவுக்குச் செய்தால்தான் அது வலுப்பெறும்.

எவ்வளவு வலி வரை பொறுக்கலாம் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பத்துக்கு நான்கைந்து என்ற அளவில் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் தொடரலாம். ஆனால் பயிற்சி முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வழக்கத்தைவிட அதிகம் வலித்தால் அடுத்த முறை அளவைக் குறையுங்கள். அறவே நிறுத்த வேண்டாம்.

மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ, விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிட்டாலோ, மடக்கிய முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட வராவிட்டாலோ பயிற்சியைத் தொடராமல் மருத்துவரைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் விடாமல், கை விரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குச் சீக்கிரமே மருந்து தொடங்குவது மிக முக்கியம். வீக்கம் தணிந்த பிறகு, மேலே சொன்ன பயிற்சிகளில் எவற்றை எந்த அளவில் செய்யலாம் என்று அதே மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.