நரகம் யாரிடம் சொல்லப்பட்டது?

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

இயேசுவை அறியாமல் இறந்தவர்கள் எல்லாரும் நரகத்துக்குத்தான் போவார்களா, உன் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் நண்பனுக்கும் அதுதான் முடிவா என்று கேட்டிருக்கிறாய். நண்பன் மேல் உனக்குள்ள பாசம் அந்தக் கேள்வியில் தெரிகிறது. ஒரே சொல்லில் ஆம் என்றோ இல்லை என்றோ எழுதிவிடலாம். ஆனால் அதற்கு முன் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. வேதத்தில் நரகத்தைப் பற்றிப் பேசியவர் யார், யாரைப் பார்த்துப் பேசினார்? அதைத் தேடிப் பார்த்தால் உன் கேள்வி உன் பக்கமே திரும்பும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நம் வேதாகமத்தில் வரும் பாதாளமும் நரகமும் ஒன்றல்ல. பாதாளம் என்பது எபிரெயத்தில் ஷெயோல், கிரேக்கத்தில் ஹாதேஸ். மரித்தோர் இறங்கும் இடம். மகனை இழந்த யாக்கோபு தானும் அங்கே இறங்குவதாகத்தான் புலம்பினார். ஆண்டவரே பாதாளத்தில் இறங்கினார் என்று விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறோம். சுவிசேஷங்களில் நரகம் என்று வருவதற்கு மூலச்சொல் கெகென்னா. எருசலேமை ஒட்டிய இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்தது. ஊர்க் குப்பையை எரித்த இடம் அது என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பாய். அதற்குப் பழைய சான்று கிடையாது. சுமார் 1200-இல் எழுதிய யூத உரையாசிரியர் தாவீது கிம்கியிடம்தான் அந்த விளக்கம் தென்படுகிறது. வேதம் சொல்வது அதைவிடக் கொடியது. யூதாவின் ராஜாக்களான ஆகாசும் மனாசேயும் தங்கள் பிள்ளைகளையே அங்கே தீக்கு இரையாக்கினார்கள். யோசியா அந்த இடத்தைத் தீட்டாக்கினான். அது சங்காரப் பள்ளத்தாக்கு எனப்படும் என்று எரேமியா அறிவித்தார். குப்பைமேடு என்றால் நரகம் வேண்டாதவர்களைக் கொட்டும் இடமாகிவிடுகிறது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு நினைவூட்டுவது, ஆலயத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே தேவஜனம் செய்த பாவத்தை.

இனி எண்ணிப் பார். புதிய ஏற்பாட்டில் கெகென்னா 12 முறை வருகிறது. அதில் 11 முறை பேசுகிறவர் இயேசு: மத்தேயுவில் 7, மாற்கில் 3, லூக்காவில் 1. இவற்றில் 9 சீஷர்களிடம் சொன்னவை. பெரும்பாலும் சகோதரனை மூடன் என்று ஏசுகிறவனுக்கும், தன் கண்ணும் கையும் இழுத்த வழியே போகிறவனுக்கும் உரிய எச்சரிக்கைகள். மீதி 2 வேதபாரகரையும் பரிசேயரையும் நோக்கியவை. எஞ்சிய ஒன்று யாக்கோபின் நிருபத்தில், விசுவாசிகளின் நாவைப் பற்றியது. புறஜாதியாரைப் பார்த்துச் சொன்னது ஒன்றுகூட இல்லை. பவுல் தம் நிருபங்களில் இந்தச் சொல்லை எடுக்கவே இல்லை. லீஸ்திராவிலும் அத்தேனேயிலும் விக்கிரகங்களை வணங்கியவர்கள் நடுவே நின்றபோதும் அதைச் சொல்லவில்லை. ரோம நூற்றுக்கு அதிபதியின் விசுவாசத்தைக் கண்டு இயேசு வியந்த இடத்தில், கிழக்கிலும் மேற்கிலுமிருந்து அநேகர் பந்திக்கு வருகிறார்கள், ராஜ்யத்தின் புத்திரரோ புறம்பான இருளில் தள்ளப்படுகிறார்கள். லூக்கா 16-இல் பாதாளத்தில் வேதனைப்படும் ஐசுவரியவானும் ஆபிரகாமைத் தகப்பன் என்று அழைக்கிற வீட்டுப் பிள்ளைதான். அவன் வாசலில் கிடந்த லாசருவை அவன் கண்டுகொள்ளவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. மத்தேயு 25-இல் சகல ஜாதிகளும் நியாயாசனத்தின் முன் நிற்கிறார்களே, வெளிப்படுத்தின விசேஷத்தில் அக்கினிக்கடல் இருக்கிறதே என்று நீ கேட்கலாம். இருக்கின்றன, அவற்றை மறைக்கிறவன் வேதத்தைப் பாதியாக வெட்டுகிறான். நியாயத்தீர்ப்பு எல்லாருக்கும் உண்டு. அத்தேனேயிலும் பவுல் அதைத் தெளிவாகச் சொன்னார். ஆனால் மத்தேயு 25-இல் வலதுபக்கம் நிற்பவர்களும் இடதுபக்கம் நிற்பவர்களும் ஒருபோலத் திகைக்கிறார்கள். எப்போது உம்மைக் கண்டோம் என்று இரு சாராரும் கேட்கிறார்கள். தங்கள் தீர்ப்பே அவர்களுக்கு முன்கூட்டித் தெரியவில்லை என்றால், அடுத்தவன் தீர்ப்பை நாம் எப்படி எழுதுவது? தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய நித்திய அழிவும், அடிபட்டுக்கொண்டிருந்த சபைக்குச் சொன்ன ஆறுதல். நீதியைச் சரிக்கட்டுவது தேவன் கையில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

அந்தத் தண்டனை எப்படிப்பட்டது என்பதில் சபையின் பெரியவர்களே ஒத்துப்போகவில்லை. அகுஸ்தீன் 'தேவனுடைய நகரம்' நூலின் 21-ஆம் பகுதியில் அது முடிவில்லாதது என்று வாதிட்டார். ஜீவனுக்கும் ஆக்கினைக்கும் நித்தியம் என்ற ஒரே சொல்தானே வருகிறது என்பது அவருடைய வலுவான வாதம். ஆத்துமாவையும் சரீரத்தையும் அழிக்க வல்லவர் என்ற மத்தேயு 10-இன் சொல்லையும், இரண்டாம் மரணம் என்ற சொல்லையும் பிடித்துக்கொண்டு, பாவி இறுதியில் இல்லாமலே போவான் என்றவர்கள் உண்டு. 1988-இல் ஜான் ஸ்டாட் தயக்கத்தோடு அந்தப் பக்கம் சாய்ந்தார். நாலாம் நூற்றாண்டின் நீசா கிரிகோரியோ, அந்த நெருப்பு சுத்திகரித்து எல்லாரையும் மீட்டுவிடும் என்று நம்பினார். பெரும்பான்மைச் சபை அகுஸ்தீனின் வழியிலேயே நின்றது. ஆனால் மூவரில் ஒருவரும் பாவம் அற்பமானது என்று சொல்லவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் அந்த எச்சரிக்கை யாரிடம் சொல்லப்பட்டது என்பது மாறாது.

அப்படியானால் சுவிசேஷம் சொல்ல அவசரம் என்ன என்று கேட்பாய். அப்போஸ்தலர் நடபடிகளை வாசித்துப் பார். கெகென்னா என்ற சொல் அதில் இல்லவே இல்லை, ஆனாலும் அவர்கள் ஓயவில்லை. உயிர்த்தெழுந்தவரைக் கண்ட மகிழ்ச்சி அவர்களை நடத்தியது. உன் நண்பனுக்கு நீ கொடுக்கவேண்டியதும் அதுதான்.

இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலர்தானோ என்று ஒருவன் இயேசுவிடமே கேட்டான். லூக்கா 13-இல் இருக்கிறது. அவர் எண்ணிக்கை சொல்லவில்லை. இடுக்கமான வாசல் வழியாய் நுழையப் பாடுபடுங்கள் என்று கேட்டவர்களிடமே திருப்பிச் சொன்னார். உன் கேள்விக்கும் எனக்குத் தெரிந்த பதில் அதுதான். நண்பனுக்காக ஜெபி, அவனை நேசி, அவன் முடிவை நியாயாதிபதியிடம் விட்டுவிடு. நரகம் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம், இன்று யாரை ஏசினேன், என் வாசலில் யாரைக் காணாமல் கடந்தேன் என்று உன்னையே கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அண்ணன்