கடைசிப் பக்கத்துக்கு அவசரப்படுகிற பேத்திக்கு

தாயி, நூலகத்தில் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். முடிவில் திடுக்கிட வைக்கிற புத்தகமாகத் தாத்தாவிடம் கேட்டு வாங்கு என்றாயாம். தருகிறேன். நம் அச்சங்குளத்துத் திண்ணையில் கிழவன் சொல்கிற நாலு வார்த்தையையும் சேர்த்து வாங்கிக்கொள்.

1. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. எங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது. தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே என்னை 'பொன்னியின் செல்வன்' வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். ராஜராஜன் 985இல்தான் பட்டத்துக்கு வந்தான், அதற்கு முன் ஆண்டவன் உத்தம சோழன் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் அந்த உத்தம சோழன் யார் என்பதில் கல்கி ஒரு முடிச்சுப் போட்டு, கடைசி பாகம் வரை அவிழ்க்காமல் வைத்திருந்தார். அது அவிழ்ந்த அன்று அம்மா பசைக் கையோடு எழுந்து நின்றுவிட்டாள். என்ன முடிச்சு என்று நான் சொல்ல மாட்டேன். நீயும் படித்த பிறகு அடுத்தவரிடம் சொல்லாதே. வாயைக் கட்டத் தெரிந்தவனிடம்தான் கதையும் தங்கும்.

2. எல்லாரும் முடிந்தது என்று எழுந்து போகிற இடத்தில் நீ எழுந்துவிடாதே. கண்ணகி கதை எங்கே முடிகிறது என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர், மதுரை எரிந்ததோடு சரி என்பார்கள். சிலப்பதிகாரத்தில் அதற்குப் பின் வஞ்சிக்காண்டம் முழுசாக இருக்கிறது. சேரன் செங்குட்டுவன் இமயம் வரை போய்க் கல் கொண்டுவந்து அவளுக்குக் கோயில் எடுக்கிறான். கோபத்தோடு நின்றுவிடாமல், அந்தக் கோபத்துக்கு ஊர் என்ன மரியாதை செய்தது என்பது வரை போனவர் இளங்கோ.

3. அதிர்ச்சிக்குக் கைதட்டாதே. பட்டாசு ஆலை வெடித்த 2021 பிப்ரவரி 12 நம் ஊருக்கு எப்படி விடிந்து எப்படி அடைந்தது என்று உனக்குத் தெரியும். திடீர் முடிவை வேடிக்கை பார்க்கிற ஊர் இல்லை இது. பட்டாசு ஆலையில் எது நடந்தாலும் வெளியே இருக்கிறவர்கள்தான் 'திடீரென்று' என்பார்கள். உள்ளே வேலை பார்த்தவர்கள் அளவுக்கு மேல் மருந்து, அறைக்கு மேல் ஆள் என்று முன்னாலேயே முணுமுணுத்திருப்பார்கள். நல்ல எழுத்தாளன் அந்த முணுமுணுப்பை முதல் பக்கத்திலிருந்தே கேட்க வைப்பான். படித்து முடித்ததும் முன்பக்கம் திரும்பிப் பார். அங்கே ஒன்றும் இல்லையென்றால் உன்னை ஏமாற்றியிருக்கிறான்.

4. பிடிக்காத முடிவோடு சண்டை போடு, தப்பில்லை. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழை நாளில் காரில் ஏறிக் கெட்டுவந்த மகளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான் முடிவு. ஒரு தாய் அப்படிச் செய்வாளா என்று தமிழ்நாடே வாதாடியது. ஜெயகாந்தன் வாதாடியவர்களைத் திட்டவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். அதற்கு 1972இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படி. ஒரு குடம் தண்ணீருக்கு எவ்வளவு கனம் என்று தெரியும். என்னைக் கேட்டால், தமிழில் முடிவைப் பற்றி நடந்த பெரிய வாக்குவாதம் இதுதான்.

5. பதில் சொல்லாத முடிவைப் பொறுத்துக்கொள். புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தில் அகலிகை மறுபடி கல்லாகிறாள். சீதையை ராமன் தீக்குளிக்க வைத்தது தெரிந்த பிறகு! சரியா தப்பா என்று அவர் சொல்லவில்லை. உனக்கும் உடனே சொல்லத் தோன்றாது. தோன்றாவிட்டால் விடு.

6. முடிவில் யார் அழுகிறார்கள் என்று பார்க்காதே, எதற்கு அழுகிறார்கள் என்று பார். ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' நம் கரிசல் காட்டுக் கதை. 2008இல் 'பூ' என்று படமாக வந்ததும் அதுதான். தங்கராசு மச்சான் தன்னைக் கட்டவில்லை என்று மாரி அழவில்லை. வேறு எதற்கோ அழுகிறாள். சில பக்கமே உள்ள கதை, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். முதலில் அதைப் படி. படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வா, அவள் எதற்கு அழுதாள் என்று நீ எனக்குச் சொல்.