கருதுகோளைச் சோதித்தல்: மழை இரவில் தானாக ஒலிக்கும் கார் அலாரம்

க.பொ.த. (உயர்தரம்) அளவையியலும் விஞ்ஞானமுறையும்

கருதுகோள் பற்றிய வினாக்களில் வரைவிலக்கணத்தைச் சரியாக எழுதும் மாணவர்கூட உதாரணத்தில் தடுமாறுவதுண்டு. எனவே கராஜில் காணக்கூடிய ஓர் உதாரணத்தை முழுமையாக நோக்குவோம். கலைப்பிரிவு மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. ஓமின் விதியைச் சாதாரண தரத்திலேயே கற்றுவிட்டீர்கள்.

ஒரு காரின் களவு எச்சரிக்கை அலாரம் மழை இரவுகளில் எவரும் தொடாமலே ஒலிக்கிறது. உரிமையாளர் பின்வருமாறு நியாயிக்கிறார்: “பொனற் உணரி பழுதாயின் அலாரம் வீணாக ஒலிக்கும். அலாரம் வீணாக ஒலிக்கிறது. ஆகவே உணரி பழுது.” இது வலிதற்ற வாதம். அதே விளைவை வேறு காரணங்களும் தரலாம்.

முதலில் அமைப்பை விளங்கிக்கொள்வோம். பொனற் உணரி என்பது பெரும்பாலும் ஒரு சாதாரண அழுத்து ஆளியே. பொனற் மூடியிருக்கும்போது அதன் முளை அழுத்தப்பட்டுச் சுற்று திறந்திருக்கும். பொனற் திறந்தால் முளை எழும்பி, கம்பியைக் காரின் உலோக உடலுடன் (பற்றரியின் மறை முனையுடன்) இணைக்கும். கட்டுப்பாட்டலகினுள் 10 கிலோஓம் தடையி ஒன்று அக்கம்பிக்கு 12 வோல்ற்றை வழங்குகிறது எனக் கொள்க. கம்பியில் 12 வோல்ற்று இருந்தால் “மூடியுள்ளது”. 6 வோல்ற்றிலும் குறைந்தால் “திறந்துள்ளது” என அலகு கொள்ளும். (எதிர்மாறாக இயங்கும் ஆளிகளும் உண்டு, அவற்றை இங்கு எடுக்கவில்லை.)

பல்மானியால் அளக்கும்போது கம்பிக்கும் உடலுக்குமிடையே 4 வோல்ற்று காட்டுகிறது. கவனிக்குக: பொனற்றைத் திறந்துதான் அளக்கிறோம், ஆகவே முளையைக் கையால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அல்லாவிடின் நல்ல ஆளியும் 0 காட்டும்.

4 வோல்ற்று எவ்வாறு வரும்? ஈரமும் சேறும் படிந்த ஆளியினூடாக 5 கிலோஓம் கசிவுப் பாதை உண்டாயின் மொத்தத் தடை 15 கிலோஓம், மின்னோட்டம் 0.8 மில்லியம்பியர், கசிவுக்குக் குறுக்கே 4 வோல்ற்று. கணக்குப் பொருந்துகிறது. எனினும் பொருந்துவதால் மட்டும் கருதுகோள் நிறுவப்பட்டுவிடாது. போட்டிக் கருதுகோள்கள் இரண்டு உள்ளன: கம்பியின் காவலுறை உரிந்து உடலுடன் கசிகிறது, கட்டுப்பாட்டலகே பழுது.

இப்போது எதிர்வுகூறலைப் பெறுவோம். கசிவு ஆளியில் மட்டும் இருப்பின், ஆளியின் செருகியைக் கழற்றியதும் கம்பியில் 12 வோல்ற்று வரவேண்டும். வரவில்லையாயின், மறுத்து மறுத்தல் விதிப்படி அக்கருதுகோள் விலக்கப்படும். பின்னர் கம்பியை அலகின் பக்கத்திலும் கழற்றுக. அலகின் முனையில் 12 வோல்ற்று வந்தால் கம்பியிலேயே கசிவு; வராவிடின் அலகைச் சந்தேகிக்க இடமுண்டு. உணரிக்கும் அலகுக்கும் காசு கொடுக்குமுன் செய்ய வேண்டிய வேலை இவ்வளவே.

கருவியும் ஒரு கருதுகோளைச் சுமந்தே வருகிறது. சில கராஜ்களில் பல்மானிக்குப் பதிலாகச் சோதனைக் குமிழை வைத்துப் பார்ப்பர். 12 வோல்ற்று, 5 வாற்றுக் குமிழ் ஒளிர ஏறத்தாழ 0.42 அம்பியர் வேண்டும். 10 கிலோஓம் தடையியினூடாக 1.2 மில்லியம்பியருக்கு மேல் வராது. ஆகவே சுற்று நன்றாயிருந்தாலும் குமிழ் ஒளிராது. “மின் வரவில்லை” என்ற முடிவு அங்கே குமிழைப் பற்றியதே தவிர, சுற்றைப் பற்றியதன்று. தடையை அளப்பதாயின் ஆளியைச் சுற்றிலிருந்து கழற்றிய பின்பே அளக்க வேண்டும்.

அடுத்து, பரீட்சைக்கு மிகப் பயனுள்ள பகுதி. உணரி மாற்றப்பட்டது, அன்று வெயில், அலாரம் ஒலிக்கவில்லை. இதை வேற்றுமை முறைக்கு உதாரணமாக எழுத முடியுமா? முடியாது. ஜோன் ஸ்ருவேட் மில் 1843 இல் தமது அளவையியல் நூலில் விளக்கிய அம்முறையில், இரு சந்தர்ப்பங்களும் ஒரேயொரு காரணியில் மட்டுமே வேறுபட வேண்டும். இங்கோ உணரியும் மாறியது, ஈரமும் மாறியது. பழைய ஆளியிலும் புதிய ஆளியிலும் ஒரே அளவு தண்ணீர் தெளித்து, முளையை அழுத்தியவாறே அளந்திருந்தால் ஒப்பீடு செல்லுபடியாகும்.

இன்னொன்று. செருகியைக் கழற்றி அப்படியே விட்டாலும் அலாரம் அடங்கிவிடும். அயலவரும் நிம்மதியாக உறங்குவர். ஆனால் கம்பியில் எப்போதும் 12 வோல்ற்று நிற்பதால், திருடன் பொனற்றைத் திறந்து பற்றரியையே கழற்றினாலும் இவ்வுணரி அலகுக்கு எதையும் அறிவிக்காது. கம்பி தானாக அறுந்தாலும் இதே நிலைதான்.

பயிற்சி வினா: “திருத்திய பின் அலாரம் ஒரு மாதமாக ஒலிக்கவில்லை. ஆகவே பொனற் உணரி நல்ல நிலையில் உள்ளது.” இவ்வாதத்தை மதிப்பிடுக.

விடைக் குறிப்பு: அறுந்த கம்பியும் இதே அமைதியைத் தரும் என்பதைக் காட்டுக. இரண்டையும் பிரித்தறியும் சோதனையைக் கூறுக: அலாரத்தை இயங்கவைத்து, முளையை விடுவிக்கும்போது ஒலிக்கிறதா எனப் பார்த்தல், அல்லது கம்பியில் 12 வோல்ற்று 0 ஆக வீழ்கிறதா என அளத்தல்.