கடலிடம் பெற்ற நிலம்: டித்மார்ஷன் மாவட்டம்

முன்னுரை

ஒரு நாட்டின் வரலாறு அதன் மண்ணிலேயே எழுதப்பட்டுள்ளது என்பர். இக்கூற்றுக்குச் சான்றாகும் நிலப்பகுதிகளுள் ஒன்று, ஜெர்மனியின் வடகோடி மாநிலமான ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைனில் உள்ள டித்மார்ஷன் என்னும் மாவட்டம். அதன் நில அமைப்பு அங்கு வாழ்ந்தோரின் ஆட்சிமுறையை எங்ஙனம் உருவாக்கியது என்பதை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

நில அமைப்பு

மேற்கே வடகடல், தெற்கே எல்பே ஆறு, வடக்கே ஐடர் ஆறு ஆகியவை இம்மாவட்டத்தின் எல்லைகள். 1895இல் திறக்கப்பட்ட கீல் கால்வாய், எல்பே ஆற்றங்கரையிலுள்ள புருன்ஸ்பியூட்டல் நகரில் தொடங்கிக் கிழக்குப் பக்கமாகச் செல்வதால், மாவட்டம் ஏறத்தாழ ஒரு தீவாகவே விளங்குகிறது. பரப்பு ஏறக்குறைய 1,400 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 1,30,000க்கும் மேல். தலைநகர் ஹைடே.

இந்நிலம் இருவகைப்படும். கிழக்கே பனியூழிக் காலத்தில் படிந்த மணற்பாங்கான மேட்டுநிலம் 'கேஸ்ட்' எனப்படும். மேற்கே கடல் கொணர்ந்த வண்டலால் ஆன தாழ்நிலம் 'மார்ஷ்' எனப்படும். மேட்டுநிலம் வளம் குன்றியது. ஆயினும் வெள்ள அச்சம் அற்றது. தாழ்நிலமோ பெருவளம் உடையது. ஆயினும் கடலுக்கு அஞ்சி வாழ வேண்டியது. ஆழமற்ற கடலோரத்தில் குச்சி வேலிகள் அமைத்து, வண்டல் படியச் செய்து, பின்னர் அதனைச் சுற்றி அணை எழுப்பி மக்கள் புதுநிலம் பெற்றனர். அவ்வாறு மீட்ட நிலத்திற்குக் 'கோக்' என்று பெயர். இன்று அத்தாழ்நிலம் முட்டைக்கோசு விளைச்சலுக்குப் புகழ்பெற்றது.

அணையும் அறமும்

கடலணையை ஒருவர் தனித்துக் காத்தல் இயலாது. ஓரிடத்தில் உடைப்பு நேரின் ஊர் முழுதும் அழியும். ஆகவே நிலம் உடையோர் ஒவ்வொருவரும் தத்தம் பங்கு அணையைப் பேணுதல் கடமையாயிற்று. அதனைப் பேண இயலாதவர் நிலத்தைத் துறத்தல் வேண்டும் என்பது வடகடற்கரைத் தாழ்நிலங்களில் நிலவிய பழைய வழக்கம். உரிமைக்கு முன்னே கடமை நின்றது.

இக்கூட்டுப் பொறுப்பே தன்னாட்சிக்கும் துணைநின்றது. பெயரளவில் பிரேமன் பேராயரின் மேலாண்மைக்கு உட்பட்டிருந்த இம்மக்கள், உண்மையில் தம்மைத் தாமே ஆண்டனர். 1447இல் அவர்களது நாட்டுச் சட்டம் எழுத்துவடிவம் பெற்றது. நாற்பத்தெண்மர் கொண்ட அவை நீதியும் ஆட்சியும் நடத்தியது. அவ்வவையில் செல்வம் மிக்க குடும்பங்களே மேலோங்கின என்பதையும் மறைத்தற்கில்லை.

வெற்றியும் வீழ்ச்சியும்

1500ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், டென்மார்க் மன்னர் ஹான்ஸ் பெரும்படையுடன் ஹெமிங்ஸ்டெட் அருகே வந்தார். வுல்ஃப் ஈசபிராண்ட் தலைமையில் உழவர்கள் எதிர்நின்றனர். அணையின் மதகுகளைத் திறந்து தாழ்நிலத்தை வெள்ளக்காடாக்கினர். குறுகிய சேற்றுப்பாதையில் சிக்கிய கவச வீரர்கள் அழிந்தனர். காலமெல்லாம் தாம் தடுத்து வந்த கடலையே அன்று அவர்கள் படைக்கலமாக்கினர்!

எனினும் 1559இல் டென்மார்க் மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கும் இரு கோமகன்களும் சேர்ந்து நாட்டை வென்று பங்கிட்டுக்கொண்டனர். பின்னர் 1867இல் இது பிரஷ்யாவுடன் இணைந்தது. வடக்கு, தெற்கு என இரு மாவட்டங்களாக இருந்த பகுதி 1970இல் ஒரே மாவட்டமாயிற்று.

மெல்டார்ஃபில் ஓர் அறிஞர்

இம்மாவட்டத்து மெல்டார்ஃப் நகருக்கு அரபு நாட்டோடு ஓர் உறவு உண்டு. 1761இல் டென்மார்க் மன்னர் அனுப்பிய ஆய்வுக்குழுவில் சென்று ஏமன் நாட்டை அளந்து வரைபடம் தீட்டியவர் கார்ஸ்டன் நீபூர். உடன்சென்றோர் அனைவரும் மாண்டனர். உள்ளூர் உடையும் உணவும் ஏற்ற நீபூர் மட்டுமே 1767இல் மீண்டார். பாரசீகத்தில் அவர் படியெடுத்த ஆப்பெழுத்துகள், பின்னாளில் அவ்வெழுத்தைப் படித்தறிய வழிகாட்டின. அத்தகையவர் 1778இல் மெல்டார்ஃபில் அரசு அலுவலராக அமர்ந்து, 1815இல் அங்கேயே மறைந்தார்.

முடிவுரை

கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில் டித்மார்ஷனின் அணைகள் மீண்டும் உயர்த்தப்பட வேண்டியவை ஆகின்றன. நிலம் ஒருமுறை பெற்று முடிவதன்று. நாள்தோறும் காத்துப் பெறுவது. விடுதலையும் அத்தகையதே. தன் பங்கு அணையைத் தான் காப்பவன் அயலானையும் காக்கிறான் என்பதே அம்மண் நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.