தை முதல் நாளும் சித்திரை நட்சத்திரமும்

ஜேடர்பாளையம்

அன்புள்ள தம்பிக்கு,

தை முதல் தேதியன்று சூரியன் வடக்கே திரும்புகிறான் என்று பஞ்சாங்கம் சொல்ல, டிசம்பர் 22ஆம் தேதிவாக்கிலேயே திரும்பிவிடுகிறான் என்று பள்ளிப் புத்தகம் சொல்வதேன், இவற்றுள் எது பொய் என்று கேட்டிருந்தாய். ஒன்று பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்று நீயாகவே முடிவு கட்டிக்கொண்டது எனக்கு வருத்தமே. பஞ்சாங்கத்தைப் பரிகசிப்பவர்களும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பவர்களும் ஒருங்கே செய்யும் பிழை, வானம் என்றென்றும் ஒரே நிலையில் நிற்பதாக எண்ணுவதுதான்.

பூமியின் நடுப்பகுதி சற்றே புடைத்திருப்பதாலும், அப்புடைப்பைச் சூரியனும் சந்திரனும் ஓயாது இழுப்பதாலும், அதன் அச்சு பம்பரத்தின் தலையைப்போல மெல்ல வட்டமிடுகிறது. ஒரு வட்டம் நிறைவுற ஏறக்குறைய 26,000 ஆண்டுகள் செல்லும். அதன் பயனாக, பகலும் இரவும் சமமாகும் விஷுவப் புள்ளிகள் நட்சத்திரங்களின் நடுவே ஆண்டுதோறும் சுமார் 50 விகலை (கோண வினாடி) மேற்கே நகர்கின்றன. 72 ஆண்டுகளில் அது ஒரு பாகையாகிறது. இதையே அயன சலனம் என்கிறோம்.

இதைக் கண்டுபிடிக்க உதவியது நம் சித்திரை நட்சத்திரம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்ஸாந்திரியாவில் திமோகாரிஸ் என்பவர் அதனை அளந்து, இலையுதிர்கால விஷுவப் புள்ளிக்கு மேற்கே 8 பாகையில் இருப்பதாகக் குறித்துவைத்தார். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஹிப்பார்க்கஸ் என்னும் வானியலாளர் அளந்தபோது இடைவெளி 6 பாகையாகக் குறைந்திருந்தது. கி.பி. 285ஐ ஒட்டி அந்த நட்சத்திரம் அப்புள்ளிக்கு நேராகவே வந்து, பிறகு அதைக் கடந்து, இன்று கிழக்கே ஏறத்தாழ 24 பாகை தள்ளி நிற்கிறது. மேகநாத் சாஹா தலைமையில் 1952இல் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவும் இதனையே ஆதாரமாகக் கொண்டு, 1956 மார்ச் 21ஆம் தேதிக்கு அயனாம்சம், அதாவது அயன சலனத்தால் அதுவரை சேர்ந்த விலகல், 23 பாகை 15 கலை என்று வகுத்தது. சூரிய வீதிக்கு இரண்டு பாகைத் தொலைவிலேயே, அருகில் போட்டிக்கு வேறொரு பிரகாசமான மீன் இல்லாமல் அது தனித்து நிற்பதே இப்பெருமைக்கெல்லாம் காரணம் என்பது என் துணிபு. சித்திரை மாதத்து மாலையில், காவிரிக்கு முதுகைக் காட்டி நின்று கீழ்வானைப் பார்; நீலம் கலந்த வெண்மையாய் எழும்.

நம்மவர் இதை அறியாதவர் என்று எவரேனும் சொன்னால் நம்பாதே. வராஹமிகிரரின் பிருகத் சம்ஹிதையை அண்மையில் மறுபடி புரட்டினேன். முற்காலத்தில் ஆயிலிய நட்சத்திரத்தின் பாதியில் நிகழ்ந்த தட்சிணாயனம், அதாவது சூரியன் தெற்கே திரும்புவது, தம் காலத்தில் கடகத்தின் தொடக்கத்தில் நிகழ்வதைக் கூறி, ஐயமுற்றால் நேரில் பார்த்துத் தெளிக என்று அவர் வற்புறுத்துகிறார். ஆறாம் நூற்றாண்டுப் பெரியவர் நேரில் பார் என்கிறார். நீயோ எந்தப் புத்தகம் பொய் என்று கேட்கிறாய்!

ஆகவே, தை முதல் நாள் என்பது நட்சத்திரங்களை ஒட்டி, சூரியன் மகர ராசியில் புகும் நாள். டிசம்பர் திருப்பம் பருவத்தை ஒட்டியது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் அமைந்தன, பின்னர் பிரிந்தன. இன்றும் பிரிந்துகொண்டே போகின்றன. சுவாமி விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12ஆம் நாள் மகர சங்கராந்தி, அதாவது தை முதல் நாள். இப்போது அது ஜனவரி 14 அல்லது 15இல் வருகிறது.

நட்சத்திரங்களுக்குத் தமக்கென்றும் ஒரு நகர்ச்சி உண்டு. இதனை அயன சலனத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. பழைய பட்டியல்களோடு ஒப்பிட்டு 1718இல் வானியலாளர் ஹாலி அதை வெளிப்படுத்தினார். நம் சுவாதி ஆண்டுக்கு 2.3 விகலைதான் நகர்கிறது. முழுநிலவின் அகலத்தைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 800 ஆண்டுகள் வேண்டும்.

இனி உனக்கொரு வேலை. டிசம்பர் 22 உச்சிவேளையில் ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நட்டு நிழலை அள; தை முதல் நாளன்று மீண்டும் அள. நம் ஊரில் நிழல் சுமார் 5 சென்டிமீட்டர் குறுகியிருக்கும். சூரியன் முன்பே திரும்பிவிட்டதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அளந்ததைத் தேதியிட்டு எழுதிவைக்க மறவாதே. ஹிப்பார்க்கஸ் எத்தனை மேதையாயினும், திமோகாரிஸ் சோம்பலுற்று எழுதாமல் விட்டிருந்தால், அந்த 2 பாகையை அவரால் கண்டிருக்க முடியாது.

இப்படிக்கு,
உன் ஆசிரியன்